தாத்தாவின் புத்தகத்தை வலையேற்றலாமா?

ஆண்டுக் கடைசி வந்தால் ஒரே கேள்வி பல கடிதங்களில் வருகிறது: "தாத்தா எழுதிய மூலிகை நூல் பரணில் கிடக்கிறது. ஜனவரி 1 முதல் வலையேற்றலாமா? ஏற்றினால் நமக்கென்ன கிடைக்கும்?"

முதல் கேள்விக்குக் கணக்கு எளிது. இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமை தீரும். 1965-இல் மறைந்தவர் என்றால் 2026 ஜனவரி 1 முதல் யாரும் வெளியிடலாம். முன்பு 50 ஆண்டுகளாகத்தான் இருந்தது. தாகூர் மறைந்து 50 ஆண்டுகள் நிறைந்த வேளையில், 1992 சட்டத்திருத்தம் இன்னும் 10 ஆண்டுகளைக் கூட்டியது.

நாட்டுடைமை வேறு. வாரிசுகளுக்கு அரசு பரிவுத்தொகை கொடுத்து உரிமையைப் பொதுவாக்குவது. "மக்களுக்கு அர்ப்பணித்தோம்" என்பார்கள். அறிவித்ததாலேயே நூல் வாசகர் கைக்கு வந்துவிடுவதில்லை. ஒளிவருடி ஏற்றினாலும் பக்கம் வெறும் படம்தான். அதில் ஒரு மூலிகைப் பெயரைத் தேடிப் பிடிக்க முடியாது.

படம் எழுத்தாக வேண்டும். தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் கையாலேயே தட்டச்சு செய்தார்கள். இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் ஏற்பாடு வேறு. திரையில் ஒரு பக்கம் நூலின் படம், மறு பக்கம் எழுத்துணரி (OCR) படித்துத் தந்த வரிகள். துணைக்காலை 'ர' என்று அது படித்துவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, துதிக்கை வைத்த 'லை', 'னை' வந்தால் தடுமாறும். ஒருவர் வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்தியதும் பக்கம் மஞ்சளாகும். பச்சையாக வேண்டுமானால் இன்னொருவர் மறுபடி பார்க்க வேண்டும். மஞ்சளாக்கியவருக்குப் பச்சையாக்கும் பொத்தானே தோன்றாது.

கடிதம் எழுதியவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். அச்சிட்ட காலத்தில் விலைபோகாத நூலுக்கு, முகம் தெரியாத இருவர் எழுத்தெழுத்தாகப் படிக்கும் வாய்ப்பு வருகிறது. பேர் பெற்ற எழுத்தாளருக்குக்கூட அப்படிப்பட்ட வாசகர் வாய்ப்பது அரிது. அதன்பின் எங்கோ ஒரு செடியின் பெயரைத் தேடுபவர் நேரே தாத்தாவின் பக்கத்தில் வந்து இறங்கலாம்.

மற்றக் கேள்விகள்:

60 ஆண்டுகள் ஆகவில்லையே? உரிமையை யாருக்கும் விற்றிருக்காவிட்டால், வாரிசுகள் அனைவரும் எழுத்துமூலம் இசைந்து, யாரும் பயன்படுத்த இடம் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தரலாம்.

மொழிபெயர்ப்பா? மொழிபெயர்த்தவர் மறைந்த ஆண்டையும் பாருங்கள்.

ஆசிரியர் மறைந்தபின் முதன்முறை வெளிவந்ததா? வெளிவந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள்.

பதிப்பகம் எடுத்து விற்றால்? உரிமை தீர்ந்த நூலென்றால் தடுக்க முடியாது.

பணம் வருமா? வராது.

நடுவில் சில பக்கங்கள் இல்லையே? இருப்பதை ஏற்றி, இல்லாத பக்க எண்களைக் குறிப்பிடுங்கள். வேறு படி வைத்திருப்பவர் கண்ணில் படட்டும்.