கூச்சலும் பேச்சும்: ஒலிக்கோப்புக்குப் பெயரிடுதல் குறித்து

ஒலி வடிவமைப்பில் இருப்பவர்கள் படத்துக்கான ஒலியைப் பெரும்பாலும் ஒரு பட்டியலிலிருந்துதான் எடுக்கிறார்கள். கணினியில் ஒரு சொல்லைத் தட்டித் தேடினால் கோப்புகள் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றைத் தொட்டால் ஒலி கேட்கும், பிடிக்கவில்லையென்றால் அடுத்தது. சவுண்ட்மைனர், பேஸ்ஹெட் போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே உருவானவை. ரீப்பரிலும் இதற்குத் தனிச் சாளரம் உண்டு. கோப்பைப் படத்துக்குள் கொண்டுவராமலே, வட்டில் இருக்கிற இடத்திலேயே கேட்டுப் பார்த்துவிடலாம். இதை முன்கேட்பு எனலாம். வசதிதான். இந்த வசதிக்குள் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பதே என் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆவணப்படத்துக்காகத் துப்புரவுத் தொழிலாளர்களின் மறியல் ஒன்றைப் பதிவு செய்தேன். அன்றிரவு, அவசரத்தில், 'கூட்டம்_கோபம்_03' என்று நானே பெயர் வைத்து வட்டில் போட்டேன். வட்டு நண்பர்களிடையே கைமாறியது. பிறகு ஒரு நாள் வேறொரு படத்தில் கலவரக் காட்சி பார்த்தேன். கடைகள் எரிகின்றன, பின்னணியில் அதே குரல்கள். "மூணு மாசச் சம்பளம் எங்கே?" என்று ஓர் அம்மா கேட்க, "எங்கே? எங்கே?" என்று கூட்டம் திருப்பிக் கேட்ட பதிவு அது. கலவையில் சொல் அமுங்கி இரைச்சல் மட்டும் மிஞ்சியிருந்தது. கூலி கேட்டவர்கள் கடை கொளுத்துகிறவர்களாகிவிட்டார்கள்.

ஒலி சேர்த்த நண்பரிடம் கேட்டேன். "கூட்டம், கோபம்னு தேடினேன், வந்துச்சு. ரெண்டு செகண்ட் கேட்டேன், பொருந்துச்சு. போட்டுட்டேன்." அவர்மீது குற்றமில்லை. அந்த அம்மாவின் குரல் வருவது 11ஆவது விநாடியில். அதுவரை வண்டிச் சத்தமும் கைதட்டலும்தான். முன்கேட்பில் 11 விநாடி யார் காத்திருக்கிறார்கள்? உரக்கக் கேட்பதே அங்கே நல்லதாகப் படும். திரையில் தெரியும் அலைவடிவமோ கோஷத்தையும் கூச்சலையும் ஒரே மாதிரிதான் வரைந்து காட்டும்.

கூட்டத்தின் பேச்சைப் பொருளற்றதாக்கும் பழக்கம் புதிதல்ல. அமெரிக்க வானொலியிலிருந்து ஹாலிவுட்வரை கூட்டத்தின் முணுமுணுப்புக்கு 'வால்லா' என்று பெயர். பிரிட்டனில் 'ரூபார்ப்', ஜப்பானில் 'கயா'. இன்று ஒலி நூலகங்கள் பலவும் பின்பற்றும் 'யுனிவர்சல் கேட்டகரி சிஸ்டம்' 2020இல் வெளியானது. அதிலும் 'கூட்டம்' என்பதன் கீழ் 'கோபம்', 'வால்லா' என உட்பிரிவுகள் உண்டு. குரல் மற்ற விலங்குகளுக்கும் உண்டு, பேச்சு மனிதனுக்கே உரியது என்றார் அரிஸ்டாட்டில். யாருடையது பேச்சாகக் கேட்கப்படுகிறது, யாருடையது சத்தமாகத் தள்ளப்படுகிறது என்பதிலேயே அரசியல் தொடங்குகிறது என்று ரான்சியேர் 1995இல் அதைத் திருப்பிப் போட்டார். முன்கேட்பில் இந்தத் தீர்ப்பு இரண்டு விநாடியில் முடிந்துவிடுகிறது.

என்ன செய்யலாம்? ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997இல் வரையறுத்த 'பிராட்காஸ்ட் வேவ்' வடிவத்தில் ஒலியோடு சேர்ந்தே பயணிக்கும் ஒரு விவரணைப் பகுதி உண்டு. கோப்பின் பெயரை மாற்றினாலும் அது உள்ளே இருக்கும். மொத்தம் 256 எழுத்து; அதுவும் ஆஸ்கி எழுத்து. அதாவது, விதிப்படி, தமிழ்க் குரலுக்குத் தமிழில் விவரணை எழுத இடமில்லை! ஐஎக்ஸ்எம்எல் என்ற இன்னொரு பகுதியில் தமிழ் எழுதலாம். ஆனால் எல்லா மென்பொருளும் அதைக் காட்டுவதில்லை. ஆகவே நான் இரண்டிலும் எழுதுகிறேன்: என்ன கோரிக்கை, என்ன கோஷம், எந்த விநாடியில், எதற்கு அனுமதி. முதலில் ரோமன் எழுத்தில், பிறகு தமிழில். பேச்சு தொடங்கும் இடத்தில் ஒரு குறியும் வைக்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே வடிவத்தில் பதிவு செய்தவர், தேதி, நேரம் ஆகியவற்றுக்கும் இடம் இருக்கிறது. கோப்பு யார் கைக்கும் போகலாம்; காவல்துறையின் கைக்கும். எனவே கோஷத்தை எழுதுகிறேன், கோஷம் போட்டவரின் பெயரை எழுதுவதில்லை. வெளியே கொடுப்பதற்கு முன் மற்றவற்றையும் ஒருமுறை பார்த்து அழிக்கிறேன்.

பழைய கோப்பின் பெயர் இப்போது 'மறியல்_மூணுமாசச்சம்பளம்'. தேடுகிறவருக்கு முதலில் அந்தக் கேள்விதான் கண்ணில் படும். முன்பு கைமாறிப்போன பிரதிகள் இன்னும் 'கோபம்' என்றே எங்கெங்கோ கிடக்கின்றன. அவற்றை என்னால் திருப்பி வாங்க முடியாது.