வால்வில் படியும் கரி: கழுவும் முன் கண்ணால் பாருங்கள்

போடிநாயக்கனூரிலிருந்து புறப்பட்டு முந்தலைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையின் இந்தப் பகுதியில் 17 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கும் போடியிலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்துப் போடிமெட்டுக்கு ஏறியாக வேண்டும். பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பும், ஏலக்காய் மூட்டையோடு இறங்கும் பிக்கப்பும், குடும்பத்தோடு போகும் காரும் இதே பாதையைத்தான் நம்பியிருக்கின்றன. சமவெளியில் வெளிப்படாத எஞ்சின் குறை இங்கே வெளிப்பட்டுவிடும். போன வருடம் மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் வண்டி இரண்டாவது கேட்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் உதறும். உடனே வரும் ஆலோசனை, வால்வில் கார்பன் பிடித்திருக்கும், டீகார்பன் செய்துவிடலாம் என்பது. பல நேரங்களில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் எந்த எஞ்சினில், எந்த வால்வில், எதனால் கரி படிந்தது என்று பார்க்காமல் செய்யும் சுத்தம் பணத்தைக் கரைக்குமே தவிர கரியைக் கரைக்காது.

அடுப்புக்கு மேலே இருக்கும் சுவரைப் பாருங்கள். புகை மட்டும் பட்ட சுவரைத் துணியால் துடைத்துவிடலாம். தாளிக்கும் எண்ணெயின் ஆவியும் சேர்ந்துவிட்டால் அது பிசுக்காகிவிடும்; சூடு பட்டுப் பட்டு இறுகி, சுரண்டினாலும் வராது. இன்டேக் வால்வின் முதுகில் நடப்பதும் இதுவே. பிஸ்டன் இடுக்கு வழியே கீழே கசியும் வாயு, எஞ்சின் ஆயிலின் ஆவியையும் சேர்த்துக்கொண்டு, காற்று உள்ளே போகும் குழாய்க்கே திரும்ப விடப்படுகிறது. வால்வின் தண்டை ஒட்டியும் கொஞ்சம் ஆயில் இறங்குகிறது. சூடான வால்வில் அது காய்ந்து, அடை அடையாகப் படிகிறது. காற்று போகும் வழி குறுகுகிறது. மூடவேண்டிய வால்வு சரியாக உட்காராமல் போகவும் கூடும். எக்ஸாஸ்ட் வால்வுக்கு இந்தத் தொல்லை குறைவு. எரிந்த வாயுவின் கடும் வெப்பத்திலேயே கிடப்பதால் அதில் படிவதில் பெரும்பகுதி எரிந்துபோகிறது.

இங்கேதான் எஞ்சினின் வகையைத் தெரிந்துகொள்வது அவசியமாகிறது. நம் ஊரில் அதிகம் ஓடும் சாதாரண பெட்ரோல் கார்களில், இன்டேக் வால்வுக்கு முன்னாலேயே பெட்ரோல் தெளிக்கப்படுகிறது. ஒவ்வொரு தெளிப்பும் வால்வின் முதுகைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போகிறது. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சின்களில் அந்தக் கழுவல் இல்லை. 2019இல் வந்த ஹூண்டாய் வென்யூவின் ஒரு லிட்டர் டர்போ, ஃபோக்ஸ்வாகனின் டிஎஸ்ஐ போன்றவை இந்த ரகம். டொயோட்டா தன் சில எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு வகைத் தெளிப்பானையும் பொருத்தியதால், வால்வைக் கழுவும் வேலையும் கூடவே நடக்கிறது. மூன்றாவது ரகம் டீசல். அதில் எண்ணெய் எப்போதும் உள்ளேதான் பீய்ச்சப்படும். வால்வுக்குக் குளியல் என்பதே கிடையாது.

அப்படியென்றால் பழைய டீசல் ஜீப்புகள் இத்தனை காலம் எப்படி ஓடின என்ற கேள்வி நியாயமானது. டர்போ இல்லாத அந்த எஞ்சின்களுக்கு மேலே போகப் போகக் காற்று போதாது. போடிமெட்டில் காற்றின் அடர்த்தி போடியைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. எண்ணெயோ அதே அளவு இறங்கும். மிச்சமான எண்ணெய் கரும்புகையாகி வளைவுக்கு வளைவு வெளியேறியது. எஞ்சின் தப்பித்தது, பின்னால் வந்தவர்களும் வழியோரத்தில் நின்றவர்களும் அதைச் சுவாசித்தார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 விதி வந்தபோது, டீசல் கார் வெளியிடலாம் என்றிருந்த நைட்ரஜன் ஆக்சைடு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆகக் குறைக்கப்பட்டது. அதைச் சாதிக்கும் வழிகளில் ஒன்று இஜிஆர்: எரிந்த வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விட்டு, எரியும் வெப்பத்தைத் தணிப்பது. அந்த வாயுவோடு வரும் புகைக்கரியும் ஆயில் ஆவியும் சந்திக்கும் இடம்தான் இன்டேக் பாதை. அடுப்பங்கரைப் பிசுக்கு அங்கே உருவாகிறது.

இதற்கு மலை ஏற்றத்தைக் குறை சொல்வது பொருந்தாது. முழு பாரத்தோடு எஞ்சின் இழுக்கும்போது இஜிஆர் வால்வு பெரும்பாலும் மூடியிருக்கும். அது திறந்து வேலை செய்வது பாரம் குறைந்த நேரத்தில்: கடைவீதியில் ஊர்ந்து போகும்போது, மூட்டை ஏற்றும் வரை எஞ்சினை ஓடவிட்டு நிற்கும்போது, எஞ்சின் சூடாகும் முன்பே முடிந்துவிடும் சின்னச் சின்னப் பயணங்களில். பெட்ரோல் வண்டிக்கு இன்னொரு நேரமும் உண்டு, இறக்கம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரில் இறங்கும்போது இன்டேக் குழாயில் உறிஞ்சும் விசை கூடுகிறது. வால்வு சீல் தேய்ந்திருந்தால் ஆயிலை உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் பெட்ரோல் தெளிப்பும் நின்றிருப்பதால் கழுவ ஆளில்லை. அதற்காக நியூட்ரலில் இறங்கலாமா என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கியரில் இறங்கும்போதுதான் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. நியூட்ரலில் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுந்து, அது சூடேறிப் பிடிக்காமல் போகும். வால்வில் படியும் கரி உயிரைவிடப் பெரிதல்ல. தேய்ந்த சீலை மாற்றுவதுதான் அதற்கு மருந்து.

இஜிஆரை ஒரு தகடு வைத்து அடைத்துவிட்டால் தீர்ந்தது என்பது பட்டறைகளில் கேட்கும் வாதம். கரி குறையும் என்பதுவரை அது உண்மை. ஆனால் உள்ளே போகாத கேடு வெளியே போகிறது. நைட்ரஜன் ஆக்சைடு நுரையீரலை எரிச்சலூட்டும். வெயிலில் ஓசோன் உருவாகக் காரணமாகிப் பயிரையும் தாக்கும். ஏலக்காட்டை நம்பி வாழும் சரிவில் அந்தக் காற்றைச் சேர்ப்பது நம் வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் கொட்டுவதற்குச் சமம். மோட்டார் வாகனச் சட்டத்திலும் இஜிஆரை அடைக்க இடமில்லை. புகையை வெளியே விடாமல் உள்ளேயே வைத்துக்கொள்ளும் வண்டிக்கு, அந்த உள்ளைச் சுத்தம் செய்யும் செலவையும் நாம்தான் ஏற்க வேண்டும்.

அந்தச் செலவு சரியான இடத்துக்குப் போகிறதா என்பதே மிச்சமுள்ள கேள்வி. டேங்கில் ஊற்றும் மருந்து, வால்வுக்கு முன்னால் பெட்ரோல் தெளிக்கும் எஞ்சினில் பலன் தரலாம். அமெரிக்காவில் 1995 முதல் எல்லா பெட்ரோலிலும் படிவைத் தடுக்கும் மருந்து கட்டாயமாக்கப்பட்டது அதனால்தான். உள்ளேயே பீய்ச்சும் எஞ்சினில் அதே மருந்து இன்டேக் வால்வைத் தொடுவதே இல்லை. ஹைட்ரஜன் வாயு விட்டுக் கரியை எரிக்கும் முறைக்கும் இதே வரம்பு உண்டு: எரியும் கணத்தில் இன்டேக் வால்வு மூடியிருக்கும், நெருப்பு அதன் முகத்தில் படும், முதுகில் படாது. உறுதியான வழி, காற்று உள்ளே போகும் குழாயான மேனிஃபோல்டைக் கழற்றுவது. எஞ்சினைக் கையால் சுழற்றி, சுத்தம் செய்யும் சிலிண்டரின் வால்வு மூடியிருப்பதை உறுதி செய்துகொண்டு, பொடித்த வால்நட் ஓட்டைக் காற்றழுத்தத்தில் வால்வின் மேல் பாய்ச்சி, உடனுக்குடன் உறிஞ்சி எடுப்பார்கள். அந்த ஓடு கரியைப் பெயர்க்கும் அளவுக்குக் கடினம், உலோகத்தைக் கீறாத அளவுக்கு மென்மை. அந்த வசதி இல்லாத ஊரில் கரைப்பானில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்தெடுக்கலாம்; கட்டி உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறுமை வேண்டும்.

ஆகவே, சர்வீஸ் பில்லில் டீகார்பன் என்று எழுதும் முன் மூன்றைக் கேளுங்கள். என் எஞ்சின் எந்த ரகம்? குழாய்க் கேமராவை விட்டு வால்வைக் காட்ட முடியுமா? கரி இருந்தால், அதற்குக் காரணமான சீலும், கசியும் வாயுவைத் திரும்ப விடும் பிசிவி வால்வும், இஜிஆரும் எந்த நிலையில் இருக்கின்றன? கம்பெனி சொன்ன தர ஆயிலை, மலைப்பாதைக்கும் நின்று ஓடும் நேரத்துக்கும் ஏற்ப, கிலோமீட்டர் கெடு முடியும் முன்பே மாற்றுங்கள். மூட்டை ஏற்றும்போது எஞ்சினை அணையுங்கள். இதற்குப் பிறகும் கரி சேரும். ஆனால் மெதுவாகச் சேரும். அதைக் கண்ணால் பார்த்த பிறகு சுத்தம் செய்யக் கொடுக்கும் பணம் வீண் போகாது.