பல்வேருக்குள் ஒடிந்த ஃபைல்

தீபத் திருவிழாவின் ஏழாம் நாள், திருவண்ணாமலை மாட வீதி முனையில் பெரிய தேர் திரும்பும்போது பார்த்திருப்பீர்கள். முட்டுக்கட்டை போடுகிறவர் கை காட்டும்வரை வடம் பிடித்தவர்கள் இழுக்கமாட்டார்கள். நேர்வீதியின் வேகம் திருப்பத்தில் ஆகாது என்று ஊருக்கே தெரியும். கடைவாய்ப் பல்லின் வேரும் திருப்பங்கள் உள்ள பாதைதான்.

அந்தப் பாதைக்குள் மோட்டாரில் சுழன்றபடி போகிறது, வேர் சிகிச்சைக்கான மெல்லிய கம்பிக் கருவியான நிக்கல்-டைட்டானியம் ஃபைல். சிவப்பு வளையம் போட்ட 25ஆம் எண் ஃபைலின் நுனி விட்டம் வெறும் 0.25 மில்லிமீட்டர். வளைத்துவிட்டால் தானே நிமிரும் இந்த உலோகக் கலவையில் வேர் சிகிச்சை ஃபைல் செய்யலாம் என்று 1988-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். பழைய எஃகு ஃபைலைவிட நன்றாக வளையும். ஆனாலும் ஒடியும்.

ஒடிவதற்கு இரண்டு வழிகள். நுனி எங்கேயாவது சிக்கிக்கொள்ள, மோட்டார் மேலே சுற்றிக்கொண்டே இருந்தால் முறுக்கேறி அறுந்துவிடும். எங்கும் சிக்காமலேயே வளைவுக்குள் சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் கம்பியின் ஒரு பக்கம் இழுபடுகிறது, மறுபக்கம் நசுங்குகிறது. நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் நொடிக்கு ஐந்து முறை. கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி உடைப்போமே, அதே கதைதான். இந்த இரண்டாவது வகை முறிவு கண்ணுக்கு அடையாளம் காட்டாமலே வந்துவிடும். ஒரே ஃபைலைப் பல நோயாளிகளுக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதில் உள்ள ஆபத்து இதுதான். முதலில் மெல்லிய கை ஃபைலால் வழி உண்டாக்குவது, அழுத்தாமல் விடுவது, மோட்டாரின் முறுக்கு வரம்பைச் சரியாக வைப்பது ஆகியவை மருத்துவரின் கையில் இருக்கின்றன.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் ஒடியலாம். ஒடிந்ததாலேயே மருத்துவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். அதை மறைப்பதுதான் பெரிய தவறு. துண்டை எடுக்கலாம், பக்கவாட்டில் வழி கண்டு தாண்டலாம், சில நேரம் உள்ளேயே விட்டு அடைத்துக் கண்காணிக்கலாம். துண்டுக்குக் கீழே கிருமித் தொற்று எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதே பல்லின் கதியைத் தீர்மானிக்கும். எந்த வழி என்பதில் உங்கள் சம்மதமும் வேண்டும். சிகிச்சைக்குத் தகவலறிந்த சம்மதம் அவசியம் என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜவ்வாதுமலையிலிருந்து பஸ் பிடித்து வந்து, வலி நின்றதும் திரும்பிவிடுகிறவருக்கு ஃபைல் ஒடிந்ததைச் சொல்லாமல் அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை. பல மாதம் கழித்து ஈறு வீங்கும்போது அவர் தன் தலையெழுத்தைத்தான் நொந்துகொள்வார்.

அலட்சியத்தால் பாதிப்பு என்றால், கட்டணம் வாங்கிச் செய்த சிகிச்சைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தும், 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த விஷயம் அது. சிகிச்சை சென்னையில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். காலவரம்பு இரண்டு ஆண்டுகள். வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. வழிகாட்டலுக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் இந்தச் சட்டத்துக்குள் வராது. மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலுக்குப் போக வேண்டும்.

எங்கே போனாலும் முதலில் கேட்பது எக்ஸ்ரேயும் ரசீதும்தான். ஆகவே நாற்காலியிலிருந்து இறங்கும் முன் கேளுங்கள்: "ஃபைல் எதுவும் உள்ளே ஒடியலையே டாக்டர்? கடைசி எக்ஸ்ரேயை எனக்கும் ஒண்ணு கொடுங்க."