சுட்ட பிறகு: ஃப்ளோரிடாவில் அன்றும் இன்றும்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஒருவர், தன் உயிருக்கு ஆபத்து என்று துப்பாக்கியால் சுட்டுவிடுகிறார். எதிரில் நின்றவர் இறந்துபோகிறார். 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு அழைப்பு போகிறது, போலீஸ் வருகிறது. அதற்கு அடுத்து சட்டம் என்ன செய்யும் என்ற கேள்விக்கு 2005 வரை ஒரு பதில் இருந்தது. அதன் பிறகு பதில் மாறிவிட்டது.

பழைய முறை இதுதான். வீட்டுக்குள் புகுந்தவனிடமிருந்து யாரும் ஓடவேண்டியதில்லை. அது ஆங்கிலேயப் பொதுச் சட்டம் விட்டுச்சென்ற மரபு. வாசலைத் தாண்டிவிட்டால் கதை வேறு. தெருவில், கடையில், வாகன நிறுத்தத்தில் சுட்டவரிடம் சட்டம் ஒரு கேள்வி கேட்கும்: ஆபத்தில்லாமல் விலகிப்போக வழி இருந்ததா? இருந்தும் சுட்டிருந்தால் தற்காப்பு என்ற வாதம் நிற்காது. போலீஸ் கைது செய்யலாம், அரசு வழக்கறிஞர் குற்றம் சாட்டலாம். சுட்டவர் தன் நியாயத்தை ஜூரியின் முன்னால்தான் சொல்லியாகவேண்டும். ஜூரி விடுவித்தாலும், இறந்தவரின் குடும்பம் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம்.

அந்த முறையிலும் அநியாயம் இருந்தது. தாக்குபவர் அதே வீட்டில் வசிப்பவராக இருந்தால், வீட்டுக்குள்ளேயும் முதலில் விலகிப்போகத்தான் பார்க்கவேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1982-ல் சொன்னது. அடிக்கிற கணவனிடமிருந்து மனைவி எங்கே விலகுவாள்? கணவனைச் சுட்ட ஒரு பெண்ணின் வழக்கில், 1999-ல் அதே நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைக் கைவிட்டது. சட்டமன்றம் தலையிடாமலே நடந்த திருத்தம் அது.

2004 நவம்பரில் பென்சகோலாவில் நடந்த சம்பவம் சட்டமன்றத்தை அசைத்தது. ஐவன் புயலில் வீடு சேதமாகி, வாசலில் டிரெய்லர் வண்டியில் தங்கியிருந்த ஒரு முதியவர், இரவில் உள்ளே நுழைந்த அந்நியரைச் சுட்டார். அந்நியர் இறந்தார். முதியவர்மீது வழக்கில்லை என்றுதான் அரசு வழக்கறிஞர் முடிவெடுத்தார். ஆனால் அந்த முடிவு வரச் சில மாதங்கள் ஆயின. நல்ல மனிதரை இப்படி வதைக்கலாமா என்று துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் மேரியன் ஹேமரும் அவரை ஆதரித்த சட்டமன்ற உறுப்பினர்களும் கேட்டார்கள். பழைய சட்டத்தின்படியே அந்த முதியவர் தப்பியிருந்தார் என்பது அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. 2005 ஏப்ரலில் ஆளுநர் ஜெப் புஷ் கையெழுத்திட்டார். அக்டோபர் முதல் நாள் 'ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட்' (நின்ற இடத்திலேயே நில்) சட்டம் அமலுக்கு வந்தது.

மாற்றம் மூன்று இடங்களில். சட்டப்படி இருக்கக்கூடிய எந்த இடத்திலும் விலகிப்போகும் கடமை கிடையாது. சுட்டது சட்டவிரோதம் என்று நம்பப் போதிய முகாந்திரம் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடாது. கிரிமினல் வழக்கு, சிவில் வழக்கு இரண்டிலிருந்தும் விலக்கு உண்டு. விலக்குப் பெற்றவர்மீது நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டவரே அவருடைய வக்கீல் செலவையும் தரவேண்டும்.

இரண்டாவது மாற்றம் என்ன செய்யும் என்பதை உலகம் 2012-ல் பார்த்தது. பிப்ரவரி 26 அன்று சான்ஃபோர்டில், கையில் ஆயுதமில்லாத 17 வயதுச் சிறுவன் டிரேவோன் மார்ட்டினை, குடியிருப்புக் காவல் குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் ஸிம்மர்மன் சுட்டுக் கொன்றார். தற்காப்பு என்றார். இந்தச் சட்டம் கையைக் கட்டுகிறது என்று சொல்லிப் போலீஸ் அவரை வீட்டுக்கு அனுப்பியது. நாடு முழுக்கப் போராட்டம் வெடித்து, தனி அரசு வழக்கறிஞர் நியமிக்கப்பட்டு, கைதாக ஒன்றரை மாதம் ஆயிற்று. 2013 ஜூலையில் ஜூரி அவரை விடுவித்தது.

மூன்றாவது மாற்றம் நீதிமன்றத்தில் ஒரு புதிய படியைக் கட்டியது. ஜூரி உட்காருவதற்கு முன்பே நீதிபதியின் முன் விலக்குக்கான விசாரணை நடக்கும். அங்கே தன் தற்காப்பை நிரூபிக்கும் பொறுப்பு சுட்டவருடையது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்தது. சட்டமன்றம் 2017-ல் அதைத் திருப்பிப் போட்டது. இது தற்காப்பு அல்ல என்று அரசுத் தரப்புதான் தெளிவான ஆதாரத்துடன் காட்டவேண்டும். இல்லையென்றால் வழக்கு ஜூரியிடம் போகவே போகாது.

சுட்டவருக்கு இனி நிம்மதிதானே என்று தோன்றும். 2018 ஜூலையில் கிளியர்வாட்டரில் ஒரு கடை வாசலில் நடந்ததைப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் கார் நிற்கிறதென்று ஒருவர், காரில் இருந்த பெண்ணிடம் சண்டை போடுகிறார். கடைக்குள் இருந்த அவளுடைய துணைவர் வந்து அவரைக் கீழே தள்ளுகிறார். விழுந்தவர் தரையில் உட்கார்ந்தபடியே துப்பாக்கியை எடுக்கிறார். தள்ளியவர் பின்னால் நகர்கிறார். குண்டு அவர் மார்பில் பாய்கிறது. எல்லாம் கேமராவில் பதிவாகியிருக்கிறது. மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃப் சட்டத்தைக் காட்டிக் கைது செய்ய மறுத்தார். ஒரு மாதம் கழித்து அரசு வழக்கறிஞர் குற்றம் சாட்டினார். 2019-ல் ஜூரி அதே வீடியோவைப் பார்த்தது. சுட்டவர் குற்றவாளி என்றது. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு 20 ஆண்டு சிறை.

இன்னொருவர் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. 2014-ல் சினிமா தியேட்டரில், செல்போனால் தொடங்கிய வாய்ச்சண்டையில், முகத்தில் பாப்கார்ன் வீசியவரைச் சுட்டுக் கொன்றார். விலக்கு கேட்டார், நீதிபதி மறுத்தார். ஜூரி அவரை விடுவித்தது 2022-ல். விரைவில் முடித்துவைக்க வந்த சட்டத்தின் கீழ் அவர் எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். யாரையும் கொல்லாமல், பிரிந்திருந்த கணவனின் பக்கம் ஒரே ஒரு குண்டு சுட்ட ஜாக்சன்வில் பெண்ணுக்கோ விலக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. 2012-ல் 20 ஆண்டு தண்டனை. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, பேரம் பேசிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2015-ல்தான் சிறையிலிருந்து வந்தார்.

சட்டத்துக்குப் பிறகு ஃப்ளோரிடாவின் கொலை விகிதம் ஏறத்தாழ 24 சதவீதமும், துப்பாக்கிக் கொலைகள் ஏறத்தாழ 32 சதவீதமும் கூடியதாக 2017-ல் வெளியான ஒரு மருத்துவ இதழ் ஆய்வு கணக்கிட்டது. 2023 ஜூலை முதல் அங்கே துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல அனுமதிச் சீட்டும் தேவையில்லை.

ஆக, அன்று சுட்டவரைக் கேட்ட கேள்வி "போயிருக்கலாமே?" என்பது. இன்று கேட்பது "பயந்தது நியாயம்தானா?" என்பது. முதல் கேள்விக்கு இடமும் வழியும் பதில் சொல்லும், அளந்து பார்க்கலாம். இரண்டாவதற்குச் சுட்டவரின் வாய்தான் முதல் சாட்சி. வீடியோ இருந்தால் ஒழிய மறுப்பது கடினம். அன்று இறந்தவர் பக்கம் சாய்ந்திருந்த சந்தேகத்தின் பலன் இன்று உயிரோடிருப்பவர் பக்கம் சாய்கிறது. அப்படியும் அவருக்கு உறுதி ஒன்றுமில்லை. கிரிமினல் வழக்கில் கிடைத்த விலக்கு சிவில் வழக்கைக் கட்டுப்படுத்தாது என்றும் மாநில உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது.

வக்கீல் வீட்டு வாசலை மிதிக்காமல் நல்லவர் வீடு திரும்பலாம் என்பதுதான் 2005-ல் கொடுத்த வாக்கு. இன்று அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கென்றே தற்காப்புக் காப்பீடு விற்கிறார்கள். சந்தா கட்டினால், சுட்ட பிறகு வக்கீல் செலவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வியாபாரம் நன்றாகவே நடக்கிறது.