புளூட்டோனியத்தின் எடையை யார் சொல்வது?

அணு உலையில் யுரேனியம்-238 ஒரு நியூட்ரானை உள்வாங்கி, இரண்டு கதிரியக்கச் சிதைவுகளைக் கடந்து புளூட்டோனியம்-239 ஆக மாறுகிறது. அதில் ஒரு பகுதி உலையிலேயே பிளவுபட்டு ஆற்றலாகிவிட, சாதாரண நீரால் குளிர்விக்கப்படும் உலையிலிருந்து வெளியே எடுக்கப்படும் எரிபொருளில் ஏறத்தாழ 1 சதவீதம் புளூட்டோனியம் எஞ்சுகிறது. அழுத்த நீர் உலையின் எரிபொருள் கற்றை என்பது இருநூற்றுக்கும் மேற்பட்ட மெல்லிய கோல்களைச் சேர்த்த, ஏறக்குறைய 4 மீட்டர் உயரமும் அரை டன் அளவு யுரேனியமும் கொண்ட கட்டு ஆகையால், அத்தகைய இரண்டு கற்றைகளிலேயே 8 கிலோ அளவுக்குப் புளூட்டோனியம் சேர்ந்துவிடும். அணுகுண்டு ஒன்று செய்யப்படும் வாய்ப்பை மறுக்க முடியாது என்று சர்வதேச அணுசக்தி முகமை வரையறுத்திருக்கும் அளவும் அந்த 8 கிலோதான்.

கற்றைகள் கடும் கதிர்வீச்சு கொண்டவை என்பதால் ஆழமான நீர்க்குளத்தில் வைக்கப்படுகின்றன. முகமையின் ஆய்வாளர் குளத்தின் குறுக்கே நகரும் பாலத்தில் நின்று, புற ஊதா ஒளியைப் பதிவுசெய்யும் கேமராவை ஒவ்வொரு கற்றைக்கும் நேர் மேலே நிறுத்தி, கோல்களின் இடுக்குகளில் ஒளிரும் செரன்கோவ் ஒளியை, அதாவது மின்னூட்டத் துகள்கள் நீரில் ஒளியின் வேகத்தை விஞ்சிப் பாயும்போது எழும் நீல ஒளியை, ஆராய்கிறார். போலிக் கற்றை வைக்கப்பட்டிருந்தால் இவ்வொளியின் அமைப்பு மாறுபட்டுக் காட்டிக்கொடுக்கும். புளூட்டோனியத்தின் எடையை மட்டும் அது சொல்லாது.

அடுத்த கருவி, இரு கைகளால் கற்றையை அணைத்து நியூட்ரான்களையும் காமாக் கதிர்களையும் எண்ணும் கவை வடிவ உணரி. சிக்கல் இங்கேதான் முற்றுகிறது. புளூட்டோனியம்-240 தானாகவே பிளவுபட்டு நியூட்ரான்களை வெளியிடுவது உண்மையே எனினும், எரிபொருளில் மிகச் சிறிதளவே உருவாகும் கியூரியம்-244, எடைக்கு எடை அதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு நியூட்ரான்களை உமிழ்வதால், உணரியில் பதிவாவது பெரும்பாலும் கியூரியத்தின் குரலே. காமாக் கதிர்களோ சீசியம்-137 போன்ற பிளவு விளைபொருள்களிலிருந்து வருபவை. ஆக, எரிபொருள் எவ்வளவு எரிந்தது, எத்தனை ஆண்டு ஆறியது என்று உலை நடத்துவோர் தந்த விவரம் அளவீட்டோடு பொருந்துகிறதா என்பதே சோதிக்கப்படுகிறது. புளூட்டோனியத்தின் அளவு அந்த விவரத்திலிருந்து கணக்கிடப்படுகிறது.

கணக்கு பிசகும் என்பதற்கு பயன்படுத்திய எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஜப்பானின் டோக்காய் மறுசெயலாக்க ஆலையே சான்று. அங்கே 25 ஆண்டுகளில் 206 கிலோ புளூட்டோனியம் குறைவதாக 2003 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு, மறுகணக்குக்குப் பின் அது 59 கிலோவாகச் சுருங்கியது. திருட்டு எதுவும் கண்டறியப்படவில்லை. உலைக்கணக்கு மிகைப்பட்டதும், கழிவில் தங்கியதும், புளூட்டோனியம்-241 அமெரிசியமாகச் சிதைந்ததும் காரணங்களாகக் கூறப்பட்டன.

கியூரியத்தையே விளக்காகப் பயன்படுத்தும் முயற்சிகளும் உண்டு. அதன் நியூட்ரான்கள் கற்றைக்குள் தூண்டும் பிளவுகளைக் காலவரிசையில் பிரித்தறிந்தால் பிளவுறும் பொருளின் அளவு புலப்படும். எஞ்சிய யுரேனியம்-235-ம் அவ்வாறே பிளவுபடுவதால், புளூட்டோனியத்தைத் தனியே பிரித்தெடுப்பது எளிதன்று.

பின்லாந்தின் ஒன்காலோவில், 400 மீட்டருக்கும் கீழே பாறைக்குள் செப்புக் கலங்களில் எரிபொருளைப் புதைப்பதே திட்டம் என்பதால், மூடிய கலத்தை மீண்டும் திறந்து அளக்கும் எண்ணம் இல்லை. கலத்தை மூடும் முன்பே கற்றையைச் சோதிக்க உதவும் வகையில், கோல் கோலாகப் படம் காட்டும் காமா வெட்டுப்படக் கருவி உருவாக்கப்பட்டு, 2017-இல் முகமையின் ஒப்புதலைப் பெற்றது. எந்தக் கோல் காணாமற்போயிற்று என்பதை அது காட்டும். உள்ளே எத்தனை கிராம் புளூட்டோனியம் என்பதற்கு இன்றும் உலைக்கணக்கையே நம்ப வேண்டியிருக்கிறது.