கருத்தடை: பைகா பெண்களை யார் கேட்டார்கள்?

சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் 2014 நவம்பரில் நடந்த கருத்தடை முகாம்களில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களில் 13 பேர் இறந்துபோனார்கள். அவற்றில் ஒரு முகாமில், புழக்கத்தில் இல்லாத மருத்துவமனைக் கட்டடத்தில், ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்திருந்தார். ஒரு நாளைக்கு 30 பேருக்கு மேல் செய்யக் கூடாது என்பது அரசே வகுத்த விதி. இறந்தவர்களில் பைகா பழங்குடிப் பெண்ணும் உண்டு. ஆனால், பைகாக்களுக்கு இந்த அறுவை சிகிச்சையே செய்யக் கூடாது என்று 1979இலேயே அரசாணை இருந்தது.

அன்று ஒன்றுபட்டிருந்த மத்தியப் பிரதேச அரசு போட்ட ஆணை அது. பைகா, பிர்ஹோர், கமார், பகாடி கோர்வா, அபுஜ்மாரியா போன்ற சிறிய பழங்குடிகளின் எண்ணிக்கை குறைந்துவிடும் என்ற அச்சத்தில் பிறந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், நாடு முழுக்க 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை அறுவை சிகிச்சை செய்யப்பட்டிருந்தது. அதன் சூடு ஆறாத நேரத்தில் அந்த அச்சத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால், ஐந்தாறு பிள்ளை பெற்று, ரத்தசோகையில் வெளுத்துப்போய், இனி போதும் என்று கேட்டு வந்த பைகா பெண்ணையும் அதே ஆணை திருப்பி அனுப்பியது.

ஒரு கை தடுத்தது, இன்னொரு கை முகாமுக்கு இழுத்தது. இரண்டுமே அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதைத் திருத்த முதலில் வாய் திறந்தவர்கள் களத்தில் இருந்தவர்கள்தான். பிகாரின் அராரியா மாவட்டத்தில், 2012இல் ஒரு பள்ளிக்கூடத்தில் டார்ச் வெளிச்சத்தில் 53 பெண்களுக்கு அறுவை சிகிச்சை நடந்ததை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் சுகாதாரச் செயற்பாட்டாளர் தேவிகா பிஸ்வாஸ். முகாம் முறையை மூன்று ஆண்டுகளுக்குள் கைவிட வேண்டும் என்று 2016இல் தீர்ப்பு வந்தது. பைகா தம்பதிகள் சிலரும் ஜன் ஸ்வாஸ்த்ய அபியான் அமைப்பும் 2017இல் தொடுத்த வழக்கில், அடுத்த ஆண்டே சத்தீஸ்கர் உயர் நீதிமன்றம் 1979 தடையை நீக்கியது.

ஆனால், தீர்ப்பு காட்டுக்குள் நடந்து போகாது. அதற்கு ஊர் ஆள் வேண்டும். சத்தீஸ்கரில் 2002இல் தொடங்கிய ‘மிதானின்’ திட்டம் இந்த வகையில் முன்னோடி. ஒவ்வொரு குடியிருப்பும் தன் பெண்களில் ஒருவரைச் சுகாதாரப் பணிக்குத் தேர்ந்தெடுத்தது. நாடு முழுக்க இன்று இருக்கும் ஆஷா பணியாளர் திட்டத்துக்கு வழிகாட்டியது அதுவே. பிலாஸ்பூருக்கு அருகே கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹ்யோக் என்ற மருத்துவர் குழுவும் வனக் கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களையே பயிற்றுவித்து வேலை செய்கிறது.

கருத்தடையில் பாதி வேலை, மருந்தைக் கொடுத்த பிறகுதான் இருக்கிறது. அரசு 2017 முதல் இலவசமாகத் தரும் ‘அந்தரா’ ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். போட்டவர்களில் பலருக்கு மாதவிலக்கு தாறுமாறாகும். சிலருக்கு நின்றே போகும். “கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிட்டது” என்று பக்கத்து வீட்டில் யாராவது சொன்னால் போதும், அடுத்த ஊசிக்கு அவர் வர மாட்டார். ‘சாயா’ மாத்திரையை முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று என்று சாப்பிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கு அட்டையில் இருக்கும் கிழமை எதற்கு? சந்தை நாளோடு சேர்த்துச் சொன்னால் நினைவில் நிற்கும். அப்படிச் சொல்ல அதே சந்தைக்குப் போகிறவளுக்குத்தான் தோன்றும்.

கணவர்களிடம் பேசவும் உள்ளூர் ஆண்கள் வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களுக்கான அறுவை சிகிச்சையின் பங்கு 0.3 சதவீதம்தான். இந்தப் பாரத்தைப் பெண்ணின் வயிற்றிலேயே இறக்கி வைத்திருப்பது எனக்கு ஒருபோதும் நியாயமாகப் பட்டதில்லை.

உள்ளூர் அமைப்புகளை வலுப்படுத்த வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். பணம் எப்படிப் போகிறது என்பதைப் பாருங்கள். அறுவை சிகிச்சைக்கு ஆள் அழைத்து வந்தால் ஆஷாவுக்கு ஊக்கத்தொகை உண்டு. ஒரு பெண் “வேண்டாம்” என்றதை மதித்துத் திரும்பி வந்தால் ஒன்றும் கிடையாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் செய்த திருத்தம், பெரிய தொண்டு நிறுவனம் தான் பெற்ற நன்கொடையைச் சிறிய அமைப்புக்குப் பகிர்ந்து கொடுப்பதையே தடுத்துவிட்டது. டெல்லியில் அலுவலகமும் கணக்காளரும் இல்லாத சிறு குழுக்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த வழி அது.

அந்தத் தடையைத் தளர்த்த வேண்டும். ஊக்கத்தொகையை ஆள் கணக்கிலிருந்து பிரித்து, மாதச் சம்பளமாக்க வேண்டும். கிராமச் சுகாதாரக் குழுக்கள் ஏட்டளவில் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அவற்றின் மாதக் கூட்டத்தில் ஊசி தீர்ந்துபோன தேதியையும், தையல் சீழ் பிடித்த பெண்ணின் புகாரையும் எழுதிவைத்து, வட்டார மருத்துவ அலுவலர் அடுத்த கூட்டத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று விதி வர வேண்டும்.