தீக்குச்சிக்கும் லைட்டருக்கும் போட்டி! கோவில்பட்டி நெருப்புக்குள் இருக்கும் விஞ்ஞானம்

கோவில்பட்டி என்றதும் பலருக்குக் கடலை மிட்டாய்தான் நினைவுக்கு வரும். ஆனால், அந்த வட்டாரத்தில் ஏராளமான வீடுகளில் உலை கொதிப்பது இன்னொரு பொருளால். அதுதான் தீப்பெட்டி!

அந்தச் சின்னஞ்சிறு குச்சிக்கு இப்போது ஒரு போட்டியாளன் வந்திருக்கிறான். அவன் பெயர் பிளாஸ்டிக் லைட்டர். இருவரும் மோதிக்கொள்வது கடைத்தெருவில். ஆனால், இருவருக்கும் பலம் ஒன்றேதான். திடப்பொருள், திரவம், வாயு ஆகியவற்றில் துகள்கள் நடந்துகொள்ளும் விதமே அந்தப் பலம்.

நிற்கும் துகள், ஓடும் துகள்

எல்லாப் பொருள்களும் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களால் ஆனவை. அவை ஒரு கணமும் சும்மா இருப்பது இல்லை.

தேர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். தேர் நகரும் முன் மக்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். நின்ற இடத்திலேயே அசையலாம். வேறு இடத்துக்குப் போக முடியாது. திடப்பொருளில் துகள்கள் அப்படித்தான் இருக்கின்றன. கூட்டம் மெல்ல நகரத் தொடங்கினால், தோளோடு தோள் உரசியபடியே இடம் மாறுவார்கள். அது திரவம். திருவிழா முடிந்ததும் பிள்ளைகள் கரிசல் காட்டில் திசைக்கு ஒருவராகத் தலைதெறிக்க ஓடுகிறார்களே, அதுதான் வாயு!

உஷ்ணம் ஏற ஏறத் துகள்களின் வேகமும் ஏறும்.

வறட்சி கொடுத்த வரம்

1920களில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் இருவரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்று வந்தார்கள். அந்தத் தொழில் பின்னர் கோவில்பட்டி, சாத்தூர் பக்கமெல்லாம் பரவி வேரூன்றியது. அதற்கு ஒரு காரணம் வானம். மழை குறைந்த கரிசல் பூமி இது. கோடையில் மண்ணிலிருந்து நீர் வெளியேறி, நிலம் பாளம் பாளமாக வெடித்துவிடும். விவசாயிக்கு அது வேதனை. தீப்பெட்டிக்கோ அதே காற்றுதான் மூலதனம்!

குச்சியின் தலையில் இருக்கும் மருந்து, பொட்டாசியம் குளோரேட்டையும் வேறு சில பொருள்களையும் பசையில் கலந்து செய்த கூழ். குச்சியை அதில் முக்கி எடுத்து உலர்த்த வேண்டும். உலர்வது என்றால் என்ன? கூழில் உள்ள நீர்த் துகள்களில் வேகம் மிகுந்தவை துள்ளிக் காற்றில் கலந்துவிடுகின்றன. தண்ணீர் கொதிக்க வேண்டிய அவசியம் இல்லை. கொடியில் போட்ட வேட்டி உலர்வதும் இப்படித்தான்.

போன துகள்களில் சில திரும்பி வருவதும் உண்டு. வறண்ட காற்றில் திரும்புவது சொற்பம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்று முழுவதும் நீராவி நிறைந்திருக்கும். அப்போது போவதும் வருவதும் ஏறத்தாழச் சரியாகிவிடும். குச்சி உலராது, உலர்ந்த குச்சியும் நமுத்துப் போகும். உரசினால் மருந்து உதிருமே தவிர, தீ பிடிக்காது.

எரிவது எது?

மருந்தில் முக்குவதற்கு முன்பே குச்சியின் நுனியை உருகிய மெழுகில் நனைக்கிறார்கள். அறுபது டிகிரி சென்டிகிரேடு சுமாருக்கு மெழுகு உருகிவிடும். திரவமானதால் மரத்தின் நுண்துளைகளுக்குள் புகும்; ஆறியதும் அங்கேயே கெட்டியாகிவிடும்.

பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ் பூசியிருக்கிறது. உரசும் சூட்டில் அது பொறி தட்டுகிறது. தலையில் உள்ள குளோரேட் சூடேறிப் பிராணவாயுவைக் கக்குகிறது. மருந்து 'சுர்ர்' என்று எரிந்து ஒரு நொடியில் தீர்ந்துவிடும். அந்தச் சூட்டில் மெழுகு உருகி, ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது! கெட்டி மெழுகு நேராகத் தீப்பிடிப்பது இல்லை. தீ மரத்தைப் பற்றும்வரை அணையாமல் காப்பது மெழுகின் ஆவியே.

சந்தேகமா? பெரியவர்கள் ஒரு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு, திரியிலிருந்து எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டட்டும். சுடர் புகை வழியே தாவித் திரியில் ஏறுவதைப் பிள்ளைகள் பார்க்கலாம்.

அடைபட்ட வாயு

லைட்டரைக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் போல ஏதோ ஆடும். அது பியூட்டேன். வெளியில் இருந்தால் சாதாரண வெயிலிலேயே அது வாயு. அதை அழுத்தி, துகள்களை நெருக்கி, திரவமாக அடைத்திருக்கிறார்கள். விசையை அமுக்கினால் வழி திறக்கும். துகள்கள் பாய்ந்து வெளியேறி, முன்பிருந்ததைப்போல் இருநூறு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு துளி பலமுறை எரிவது இதனால்தான். கொளுத்தும் வெயிலில் நிறுத்திய காருக்குள் லைட்டரை வைப்பது ஆபத்து என்பதற்கும் இதுவே காரணம். சூடு ஏற ஏற, துகள்கள் சுவரை மேலும் பலமாக மோதும்.

இந்தச் சாமர்த்தியம்தான் கோவில்பட்டிக்குச் சோதனை ஆகிவிட்டது. 2021 டிசம்பர் 1 முதல் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆனது. மூலப்பொருள் விலை ஏறியதால் வேறு வழி இல்லை. பத்து ரூபாய்க்கும் குறைவான ஒரு லைட்டர், 20 தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று 2022 செப்டம்பரில் தமிழக முதலமைச்சர் மத்திய அரசுக்கு எழுதினார். இந்தத் தொழிலை நம்பி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள், பெரும்பாலோர் பெண்கள்.

2023 ஜூன் மாதம், 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை விதித்தது. பிறகு உதிரிப் பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கிறார்கள் என்ற புகார் எழுந்தது. 2024 அக்டோபரில் அந்தப் பாகங்களின் இறக்குமதியும் தடை செய்யப்பட்டது.